கிறகோரியின் றால் குழி

பூசை முடிந்து ஆசீர்வாதம் கொடுப்பதற்கு முன்னால் பாதர் அறிவித்தல் வாசிப்பார். ஆண்களில் பாதிப் பேர் வெளியே நழுவுவது அந்த நேரத்தில்தான். கிறகோரி அந்தப் பாதியின் நிரந்தர உறுப்பினர். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மர வாங்கின் ஓரத்தில் இருந்த எமில்ராஜ் வழியை மறித்துக் காலை நீட்டி நித்திரையாகிப்போனான். அவனை எழுப்பினால் பெரிய கொட்டாவியோடு "ஆமென்" என்று கத்துவான். கோயிலே திரும்பிப் பார்க்கும். வேறு வழியில்லாமல் கிறகோரி குந்திக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்த அறிவித்தல் அவருடைய காதில் விழுந்தது. இல்லாவிட்டால் தாங்கி விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கோயிலுக்குப் பின்னாலை இருக்கிற பழைய தண்ணீர்த் தாங்கி வெடிப்பு விட்டிட்டதாலை வாற மாதம் இடிக்கப் போகினம்," என்றார் பாதர். "அதுக்குப் பதிலாய், நிலநடுக்கம் வந்தாலும் அசையாத இரண்டு புதுத் தாங்கி வருகுது. இடிக்கிற நாள் பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதையுங்கோ."

எமில்ராஜுக்கு நித்திரை கலைந்துவிட்டது. "பாதர், நிலம் நடுங்கிறதுக்கு எந்த மாதம் நாள் குறிச்சிருக்கினம்?"

"முந்தி நடுங்கேக்கை ஒருத்தரும் தாங்கி கட்டித் தரேல்லை," என்று பின் வாங்கிலிருந்து செபநாயகத்தாரின் குரல் வந்தது.

"அது நிலநடுக்கமே அம்மான்? அது ஷெல்லெல்லோ."

"நடுங்கினது நாங்கள்தானே, நிலத்துக்கென்ன."

கோயில் சிரித்தது. பாதரும் சிரிப்பை அடக்கச் சுவரிலிருந்த சுரூபத்தைப் பார்த்தார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் கிறகோரி. சிரித்து முடித்த பிறகுதான், தன்னுடைய கை முன் வாங்கின் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டார். கையை எடுக்கச் சொன்னார். கை உடனே கேட்கவில்லை.

அந்தத் தாங்கியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது கடினம். தூண்களின் மேல் ஒரு பெரிய கொங்கிறீற் கிடாரம். கட்டிய காலத்தில் கொஞ்ச வருடம் தண்ணீர் தேக்கியது. பிறகு சண்டைக் காலத்தில் வயிற்றில் ஓட்டைகள் விழ, தண்ணீருக்குப் பதிலாகக் காகங்களைத் தேக்கியது. சண்டை முடிந்ததும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காகமுமாக இருந்தது. கீழே போகிறவர்களின் தலையில் எப்போதாவது சொட்டும். சொட்டியது தண்ணீரா மற்றதா என்று தொட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதை இடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுக் கவலைப்பட ஊரில் ஒருத்தருக்கும் நியாயம் இல்லை, ஒருவரைத் தவிர.

வெளியில் வந்ததும் எமில்ராஜ் அவருடைய தோளில் கை போட்டான். "என்ன கிறகோரியண்ணை, முகம் ஒரு மாதிரி? உங்கடை றால் குழிக்குக் குறி போகுதெண்டோ?"

"போடா விசரா. எனக்கு றால் குழியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

"எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்," என்றான் எமில்ராஜ். மற்றவர்களும் கூடிச் சிரித்தார்கள்.

கடலில் தெருவும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. ஓரிடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் கரையைத்தான் கேட்க வேண்டும். கரையில் நிற்கிற இரண்டு பொருள்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்து பொருந்துகிற கோட்டில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வேறு பக்கத்தில் இன்னுமிரண்டு பொருந்தினால், இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் அந்த இடம். இதற்குக் குறி என்று பெயர். நல்ல மீன் நிற்கிற கடலடிப் பாரின், இறால் நிற்கிற குழியின் குறியைத் தகப்பன் மகனுக்குச் சொல்லுவான். மருமகனுக்கு யோசித்துச் சொல்லுவான். மச்சானுக்குப் பொய் சொல்லுவான். ஒருத்தன் குறி வைத்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் மற்றவர்கள் பின்தொடருவார்கள். பின்தொடருகிறார்கள் என்று தெரிந்தால் அவன் முதலில் நேரெதிர்ப் பக்கமாக ஓடி, வெறும் கடலில் நின்று பீடி குடித்து, அவர்கள் சலித்துப்போன பிறகு தன் வழியில் போவான்.

கிறகோரியின் குறி இதுதான். வடக்கே, கோயில் மணிக்கோபுரத்துக்குப் பின்னால் தாங்கி வர வேண்டும். சரியாக வந்தால் சிலுவைக்கு மேலே தாங்கியின் வயிறு அமர்ந்து, கோபுரம் தொப்பி போட்டதுபோல் இருக்கும். மேற்கே, மண்டைதீவுப் பனங்கூடலின் தெற்கு நுனிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரியத் தொடங்க வேண்டும். கோபுரம் தொப்பி போட, சுவர் எட்டிப் பார்க்க, அங்கே நங்கூரத்தைப் போட்டால் அதுதான் இடம். கோபுரம் ஒருமுறை ஷெல்லில் சரிந்து, அதே அத்திவாரத்தில் திரும்ப எழும்பியது. பனைகளில் சில விழுந்தன, சில முளைத்தன. தாங்கி மட்டும் ஒட்டுப் போட்ட வயிற்றோடு அசையாமல் நின்றது.

அந்த இடத்தில் றாலும் இல்லை, நண்டும் இல்லை. அங்கேதான் றெஜினா போனாள்.

இடம்பெயர்வு நேரம் அது. ஊர் எழும்பியபோது தெருவால் போனவர்கள் தெருவால் போனார்கள், வள்ளம் வைத்திருந்தவர்கள் கடலால் போனார்கள். கிறகோரியிடம் வள்ளம் இருந்தது. அதனால் அயலட்டைச் சனமும் அதிலே ஏறியது. சட்டிபானை ஏறியது, ஒரு தையல் மெசினும் ஏறியது. கலியாணமாகி அவரும் றெஜினாவும் இரண்டு நத்தார்ப் பெருநாள்கூடச் சேர்ந்து காணவில்லை. "இவ்வளவையும் ஏத்தினால் வள்ளம் தாழும், என்னை இறக்கிவிடுங்கோ, நான் நீந்தி வாறன்," என்று றெஜினா பகிடி விட்டாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. கடல் ஓடையின் நடுவில், நீர் இழுக்கிற இடத்தில், ஹெலிகொப்டர் பதிந்து வந்தது. எல்லாரும் ஒரே பக்கம் குனிந்தார்கள். வள்ளம் கவிழ்ந்தது.

கிறகோரி அயலட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தூக்கி வள்ளத்தின் முதுகில் போட்டார். திரும்பியபோது றெஜினாவின் கை ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வலை கைதவறிக் கடலுக்குள் போனால் கடல்தொழிலாளி என்ன செய்வான்? தண்ணீரைப் பார்க்க மாட்டான். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. உடனே தலையை நிமிர்த்திக் கரையைப் பார்ப்பான், குறி எடுப்பான், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். கிறகோரியின் தலை தானாக நிமிர்ந்தது. கோபுரத்துக்கு மேலே தாங்கி. பனைக்குப் பின்னால் சுவர். குறி எடுத்தாயிற்று. பிறகுதான் முக்குளித்தார். முக்குளித்தார், முக்குளித்தார். ஓடை நின்று பதில் சொல்லுகிற தண்ணீரா?

மனிசி தண்ணிக்குள்ளை போகேக்கை தண்ணித் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நிண்டவன் எண்டு என்ரை கல்லறையிலை எழுதுங்கோ என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுவார். வெளியில் சொன்னால் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிடுவார்கள் என்பதால் வெளியில் சொல்லவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி மரித்த ஆத்துமாக்களின் நாள். ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும். கிறகோரிக்குக் கல்லறை இல்லை. ஒரு மாலைக்கு வலையில் கட்டுகிற ஈயம் இரண்டைக் கட்டி, வள்ளத்தில் ஒளித்து எடுத்துக்கொண்டு, தனியே போவார். ஈயம் கட்டாவிட்டால் மாலை அலைந்து திரிந்து யாருடைய கரையிலாவது ஒதுங்கும். அழுத கண்ணோடு திரும்புகிற ஆளை ஊர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யும் கட்டிவைத்திருந்தார்: "எல்லாரும் சேமக்காலையிலை நிக்கிற அண்டைக்குத்தான் றால் பயமில்லாமல் வெளிக்கிடும்." நம்ப வைப்பதற்குப் பக்கத்துக் கரையான பாசையூரில் இறங்கி, றோஸக்காவிடம் றால் வாங்கி, கூடையை எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு வருவார். கிறகோரி இரகசியமாக ஒரு றால் குழி வைத்திருக்கிறான், பெருநாளுக்கும் பேராசை விடாதவன் என்று ஊர் நம்பிற்று. அல்லது, ஊர் நம்பிற்று என்று கிறகோரி நம்பினார். பேராசைக்காரன் என்ற பெயர் பெரிய வசதி. அதற்குள் எவ்வளவையும் ஒளித்துவைக்கலாம்.

இப்போது தாங்கி போகப்போகிறது. கோபுரம் தொப்பியில்லாமல் நிற்கும். தொப்பியில்லாத கோபுரம் கடலின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை, பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தாங்கியடியில் தகரக் கொட்டிலாகப் போட்டிருந்த வேலை அலுவலகத்துக்குப் போனார். பொறியியலாளர் ஒரு இளம் பெண், சாவகச்சேரிப் பக்கம், தேவகுமாரி என்று பெயர். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் சப்பாத்து, கையில் தேத்தண்ணி.

"சொல்லுங்கோ ஐயா."

"பிள்ளை, இந்தத் தாங்கியை இடிக்கத்தான் வேணுமோ?"

"ஏன் ஐயா, வீட்டுப் பக்கம் விழுந்திடுமெண்டு பயமோ? பயப்பிடாதேங்கோ, துண்டு துண்டாய்த்தான் இறக்குவம்."

"பயமில்லை. வடிவாய் இருக்குது எண்டு கேட்டனான்."

தேவகுமாரி யன்னலால் தாங்கியை எட்டிப் பார்த்தாள். ஒரு காகம் அதன் ஒட்டுப் போட்ட வயிற்றில் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. அவள் கிறகோரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வடிவோ?"

"பார்க்கப் பார்க்கப் பிடிக்கும்."

அவள் சிரிக்காமல் விளக்கம் சொன்னாள். தலையில் பாரமும் மெலிந்த காலுமாக நிற்கிறது. நிலம் கொஞ்சம் ஆடினாலும் தலைப்பாரம் காலை முறித்துவிடும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கணக்கெல்லாம் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். புதிய தாங்கிகள் நிலத்தோடு நிலமாக இருக்கும், உருக்கில், இரண்டு. ஒன்றுக்கு ஏதாவது நடந்தாலும் மற்றது ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும். குழாய் மூட்டுகள் அசைந்து கொடுக்கும், ஆனால் கழலாது.

"எங்கடை ஆக்களின்ரை கலியாணம் மாதிரி," என்றார் கிறகோரி.

இப்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்குத் துணிவு வந்தது. "உயரமாய்க் கட்டேலாதோ? நிலத்திலை வைச்சால் தண்ணி எப்பிடி மேலை ஏறும்?"

"பம்ப் இருக்குது ஐயா."

"அப்ப உந்தக் கால்களையாவது விடுங்கோவன். தலையை மட்டும் எடுங்கோ."

"கால்தானே ஐயா பழுது."

"காலை எடுத்திட்டுத் தலையை விடுங்கோ எண்டு கேக்கேலாது," என்றார் கிறகோரி, தன் முட்டாள்தனத்தைத் தானே ஒப்புக்கொண்டு. தேவகுமாரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவரை நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"உண்மையிலை என்ன வேணும் ஐயா? சொன்னால்தானே ஏதும் செய்யலாம்."

சொல்லியிருக்கலாம். யாரென்று தெரியாத பிள்ளை. சொன்னாலும் ஊருக்குப் போகாது. நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் இத்தனை வருடம் பூட்டியே வைத்திருந்த கதவு, தள்ளினாலும் திறக்கவில்லை. "கடலிலை இருந்து பார்க்க எங்களுக்கு இது ஒரு குறி," என்று மட்டும் சொன்னார்.

"ஓ, மீன்பிடிக்கோ? இப்ப எல்லா வள்ளத்திலையும் ஜி.பி.எஸ் இருக்குதே. ஒருக்கால் அந்த இடத்துக்குப் போய்ப் பட்டனை அமத்தினால் சரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு போகலாம்."

எல்லா வள்ளத்திலும் இருந்தது, கிறகோரியின் வள்ளத்தைத் தவிர. "எனக்கு ஆண்டவர் தந்த ஜி.பி.எஸ் ரண்டு இருக்குது," என்று கண்களைக் காட்டிப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தவர். இப்போது கண்கள் இருந்தன, பார்ப்பதற்குப் பொருள் இருக்கப்போவதில்லை. பகிடிகளுக்கு இப்படியொரு குணம் உண்டு. விட்டவனையே தேடி வரும்.

இரண்டு நாள் யோசித்தார். யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டு எமில்ராஜிடம்தான் நல்ல கருவி இருந்தது. ஆனால் எமில்ராஜின் தொழில் நண்டு வலை. றால் குழி என்று அந்த இடத்தைக் காட்டினால், அடுத்த நாளே அங்கே வலையைப் போட்டு, நங்கூரத்தால் அடியைக் கிளறி... அதற்கு மேல் கிறகோரியால் யோசிக்க முடியவில்லை. காட்டாவிட்டாலோ, தாங்கியோடு இடமும் போய்விடும். றெஜினாவின் மேல் வலை விழுவதா, றெஜினாவின் இடமே தெரியாமல் போவதா? அவள் இப்போது அங்கே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஓடைத் தண்ணீர் எத்தனை தரம் மாறிப்போயிற்று. அவள் எந்தக் கடலில் இருக்கிறாளோ. ஆனாலும் கல்லறையில் இருப்பவர்கள் மட்டும் என்ன, கல்லறையிலா இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் வேலியடியில் நின்று கேட்டார். "எமில், உன்ரை ஜி.பி.எஸை ஒரு பொழுதுக்குத் தாறியோ?"

எமில்ராஜ் வலையிலிருந்து தலையை நிமிர்த்தினான். ஒரு நக்கல் வரும் என்று கிறகோரி காத்திருந்தார். வரவில்லை.

"அது வள்ளத்திலை பூட்டினது அண்ணை, கழட்டேலாது. நான் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்குக் காலமை வெளிக்கிடுவம்."

"நீ வரத் தேவையில்லை."

"நான் வராமல் என்ரை வள்ளம் வராது. அது என்னிலை நல்ல வாரப்பாடு, என்னை விட்டிட்டு இராது."

உள்ளேயிருந்து எமில்ராஜின் மனைவி யோசப்பின் எட்டிப் பார்த்தாள். "ஓமண்ணை, போட்டு வாங்கோ. இவருக்கும் ஒரு நாளைக்கு என்ரை முகத்தைப் பார்க்காமல் இருக்கிறது நல்லது."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வெளிக்கிட்டார்கள். கிறகோரி வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்தார். வழி முழுக்கத் தயார்ப்படுத்திய பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது: இடத்தைக் காட்டுவேன், பட்டனை அமத்துவாய், ஆனால் அங்கே வலை போடுவதில்லை என்று தாயின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், வழக்கத்தை விடக் கூடாதல்லவா, ஆளைக் கொஞ்சம் குழப்ப வேண்டும்.

"கிழக்காலை பிடி," என்றார்.

"ஓம் அண்ணை," என்றான் எமில்ராஜ். வள்ளத்தைத் தெற்கே திருப்பினான்.

"கிழக்கு எண்டனான்!"

"ஓம் ஓம், கிழக்கு." வள்ளம் தென்மேற்காகப் போய்க்கொண்டிருந்தது. எமில்ராஜ் கருவியைப் பார்க்கவேயில்லை. ஒருமுறை திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தான். பிறகு மண்டைதீவுப் பக்கம் பார்த்தான். மோட்டரின் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். நிறுத்தினான்.

சத்தம் அடங்கியது. தண்ணீர் வள்ளத்தின் விலாவில் தட்டிற்று. கிறகோரி தலையை நிமிர்த்தினார். கோபுரம் தொப்பி போட்டிருந்தது. பனைக்குப் பின்னால் சுவர் எட்டிப் பார்த்தது.

"இதுதானே அண்ணை?"

கிறகோரியின் பேச்சு முழுக்க எங்கோ போய்விட்டது. "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்க மட்டும் முடிந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் களவாய்ப் பின்னாலை வந்தனான். கலியாணம் முடிச்ச புதிசு. யோசப்பினுக்கு முன்னாலை பெரியாளாய்க் காட்ட வேணுமெல்லோ. கிறகோரியண்ணையின்ரை றால் குழியைப் பிடிச்சுப்போட்டன் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டு வந்து, இதிலை நண்டு வலை போட்டன்."

"பிறகு?"

"வலையை இழுக்க நண்டு ஒண்டும் இல்லை. ஒரு மாலை வந்துது. ஈயம் கட்டின மாலை." எமில்ராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான், அந்த மாலை இன்னும் அவற்றில் இருப்பதுபோல். "எனக்கு உடனை விளங்கிட்டுது அண்ணை. அதைத் திரும்ப இதிலையே மெல்ல இறக்கி விட்டிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தன். வீட்டை போய் அழுதன். யோசப்பின் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டாள்."

"அவளுக்கும் தெரியுமோ?"

"அவளுக்குத் தெரிஞ்சால் பிறகு ஆருக்குத் தெரியாது? செபநாயகம் அம்மானுக்குத் தெரியும். சங்கத்திலை எல்லாருக்கும் தெரியும். அண்டையிலிருந்து இந்த ஓடையிலை ஒருத்தரும் வலை போடுறதில்லை. புதிசாய்த் தொழிலுக்கு வாற பெடியளுக்கு முதல் சொல்லிக் குடுக்கிறதே இதைத்தான்: அதிலை போடாதை, அது கிறகோரியண்ணையின்ரை இடம்."

 கிறகோரி இவ்வளவு காலம் காவலிருந்த இரகசியத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து அவருக்காகக் காவலிருந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. கோபம் கொஞ்சம் சுகமாக இருந்தபடியால் அதையே பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏன்ரா சந்திக்குச் சந்தி றால் குழி, றால் குழி எண்டு என்னை நக்கலடிச்சனீங்கள்?"

"நீங்கள்தானே அண்ணை றால் எண்டு சொன்னனீங்கள்." எமில்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். "நீங்கள் சொன்னதை நாங்கள் நம்பாட்டில் நீங்கள் என்ன செய்வியள்? நக்கலடிச்சால் கோவிப்பியள். நீங்கள் கோவிக்கிறதைப் பார்க்கிறது எங்களுக்கு லேசு. மற்றதைப் பார்க்கிறதுதான் கஷ்டம்."

"பாசையூர் றாலும் தெரியுமோ?"

"றோஸக்கா அண்டைக்கு மட்டும் உங்களுக்கு ஒரு கை கூடப் போட்டுத் தாறவ. கவனிக்கேல்லையே?"

கவனித்திருந்தார். தன்னுடைய பேரம் பேசுகிற திறமை என்று நினைத்திருந்தார். அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்புப் பாதியில் வழி மாறிற்று. எமில்ராஜ் எழும்பி வந்து தோளைத் தொடவில்லை. மோட்டரில் ஏதோ பழுது இருப்பதுபோல் அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பழுது பெரிது போலும். நெடுநேரம் பார்த்தான்.

கடைசியில் கிறகோரி மூக்கைத் துடைத்தார். "சரி, பட்டனை அமத்து."

"அமத்தத் தேவையில்லை. எப்பவோ அமத்தியாச்சு. இது வாங்கின முதல் நாளே இதிலை வந்துதான் பழகினனான்."

"பேர் ஏதும் போட்டனியோ?"

"மச்சாள்," என்றான் எமில்ராஜ். "றெஜினா மச்சாள் எண்டு போட்டிருக்கிறன்."

தாங்கியை இடித்தபோது கிறகோரி போய்ப் பார்த்தார். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியில் பிள்ளைகள், கிழவர்கள், ஐஸ்கிறீம் வான். தேவகுமாரி அவரை அடையாளம் கண்டு கையசைத்தாள். மெசின் ஒவ்வொரு துண்டாகக் கடித்து இறக்கியது. காகங்கள் மேலே வட்டமிட்டு, தங்கள் முறைப்பாட்டை நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, பொழுதுபடுகிற நேரம் வேறு இடம் பார்த்துப் போயின. அந்த இடத்தில் வானம் புதிதாக ஒரு துண்டு தெரிந்தது. பழைய வானத்தைவிட அது வெளிறியிருந்ததாகக் கிறகோரிக்குப் பட்டது.

ஆத்துமாக்களின் நாள் மழை இருட்டோடு விடிந்தது. மாலையை இம்முறை யோசப்பின் கட்டித் தந்தாள். ஈயமும் அவளே கட்டியிருந்தாள், முடிச்சைப் பார்த்தால் கடற்கரையில் பிறந்தவள் என்று தெரியும். ஒளித்து எடுத்துப் போகத் தேவையில்லாமல், மாலையை மடியில் வைத்துக்கொண்டு கிறகோரி அணியத்தில் குந்தினார். எமில்ராஜ் கிழக்கே போவதுபோல் பாவனைகூடப் பண்ணவில்லை. கொஞ்ச நேரத்தில் கருவி கீச்சிட்டது. மோட்டர் நின்றது. எமில்ராஜ் மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பீடி பற்றவைப்பதில் மும்முரமானான்.

கிறகோரி தலையை நிமிர்த்தினார். வேறு என்ன செய்வார்? இத்தனை வருடமும் இங்கே வந்ததும் முதல் வேலை அதுதான். வள்ளம் ஒரு முழம் விலகினாலும் தெரிந்துவிடும் என்று கரையைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். கண்ணை எடுக்காமல்தான் மாலையை விடுவார். கண்ணை எடுக்காமல்தான் செபம் சொல்லுவார். கண்ணை எடுக்காமல் அழுதுவிட்டு, கண்ணை எடுக்காமல் திரும்பிப் போவார். கோபுரம் தலையில் ஒன்றுமில்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் வெறும் மேகம். நிலம் நடுங்கினாலும் அசையாத தாங்கிகள் மரங்களுக்குள் எங்கோ இருந்தன, இருக்கிற இடம் தெரியாத நல்ல பிள்ளைகளாக. பிடித்துக்கொள்ளக் கரையில் அவருக்கு ஒன்றும் இல்லை. கண்கள் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் அலைந்தன. பிறகு, போக்கிடம் இல்லாமல், கீழே இறங்கின.

மழைத் தண்ணீர் கலந்து ஓடை கலங்கியிருந்தது. அறுந்த சாதாளைக் கடற்புல் ஒன்று மெல்லச் சுழன்று போனது. அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே கண் எட்டவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தக் கை எந்தப் பக்கம் தெரிந்தது? இடக் கையா, வலக் கையா? வளையல் போட்டிருந்தாளா? இத்தனை வருடம் தாங்கியின் ஒவ்வொரு ஒட்டும் மனப்பாடம், இது தெரியவில்லை. விரல்கள் விரிந்திருந்தன. அது ஞாபகம் வந்தது. பகிடி விட்ட வாய் பாதி திறந்தபடி, தலைமயிர் ஒரு பக்கம் விரிந்து, வலப் பக்கம்தான், ஓம், வலப் பக்கம். ஒரு பச்சை வளையல்.

"றெஜினா," என்றார், பக்கத்தில் இருப்பவளோடு கதைக்கிற குரலில். "தாங்கியை இடிச்சுப்போட்டாங்கள். இனி உன்னைத்தான் பார்க்க வேணும்."

மாலையை இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்தார். ஈயம் அதை நேராகக் கீழே கொண்டுபோனது. வெள்ளை மங்கிப் பச்சையாகி, பச்சை மங்கிப் பழுப்பாகி, அது மறைகிற வரையும் பார்த்தார். மறைந்த பிறகும் பார்த்தார். மழை துளிக்கத் தொடங்கிற்று. தண்ணீரின் முகத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்தன. அவர் நிமிரவில்லை.

எமில்ராஜின் பீடி நனைந்து அணைந்தது. அவன் திரும்பாமலே கேட்டான். "மழை வலுக்குது அண்ணை. வெளிக்கிடுவமே?"

"கொஞ்சம் பொறடா," என்றார் கிறகோரி. "நான் இப்பதான் வந்தனான்."